ஓடம் என்றொரு சொல்

2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் எங்கள் பாடசாலையில் ஒரு விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து அந்த டிசம்பரோடு 100 ஆண்டு நிறைகிறது என்பதால் ஆகாயப் பறப்பின் வரலாற்றுக்கென்று ஒரு வகுப்பறை முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். மாணவர்கள் மூங்கிற் கீற்றிலும் மெல்லிய கடதாசியிலும் பலூன் செய்தார்கள். ஈர்க்கிலால் விமானம் கட்டினார்கள். படங்களுக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. “நீங்க தமிழ் சேர். சொல்லெல்லாம் உங்கட பாடு” என்று சொல்லி விஞ்ஞான ஆசிரியர் மூன்று ஆங்கிலப் புத்தகங்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பலூனைப் பலூன் என்றே எழுதலாம். விமானம், விமானி, விமான நிலையம் எல்லாம் ஏற்கெனவே எங்களிடம் இருக்கின்றன. நான் இடறியது உறுப்புக்களின் பெயர்களில்தான். பலூனுக்குக் கீழே ஆட்கள் நிற்கும் கூடைக்கு நசெல் என்றிருந்தது. விமானத்தின் நீண்ட உடம்புக்குப் பியூசிலாஜ். வாற்பகுதிக்கு எம்பெனாஜ். இறக்கையின் ஓரத்தில் அசையும் சிறு பலகைக்கு எய்லரோன். விமானத்தை விட்டுவைக்கும் கொட்டகைக்கு ஹங்கர். எங்களிடமிருந்த கலைச்சொற் கையேட்டில் இவற்றுள் சிலவற்றுக்கு வெறும் ஒலிபெயர்ப்பு, சிலவற்றுக்கு மூன்று சொல் நீளத்தில் விளக்கம், சிலவற்றுக்கு ஒன்றுமேயில்லை.

ஒரு சனிக்கிழமை நூலகத்தில் பெரிய அகராதியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய்க்குள் நுழையாத பெயர்களாக இருக்கின்றனவே, ஏதோ பெரிய சாத்திரத்திலிருந்து எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால், எல்லாம் பிரெஞ்சுக்காரரின் முற்றத்துச் சொற்கள். நசெல் என்றால் சின்னத் தோணி. ஹங்கர் என்றால் வண்டி நிறுத்தும் கொட்டில். எம்பெனாஜ் என்பது அம்பின் பின்புறத்தில் இறகு கட்டுகிற வேலையிலிருந்து வந்தது. எய்லரோன் என்றால் குட்டி இறக்கை. பியூசிலாஜ் என்ற சொல்லின் அடியில் கிடந்தது நூல் நூற்கும் கதிர். நடுவில் தடித்து இரண்டு முனையும் கூம்பிய கதிர் போல இருக்கிற உடம்பு என்பதால் அந்தப் பெயர்.

கதிர் என்று கண்டதும் நான் அகராதியை மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் மருதமுனையில் ஒரு நெசவாளியின் மகன். எங்கள் ஊரின் சாரமும் சேலையும் நாடறிந்தவை. சுபஹ் தொழுகை முடிந்து வீதியால் வந்தால் ஒவ்வொரு வளவிலிருந்தும் தறிச்சத்தம் கேட்ட காலம் ஒன்று இருந்தது. வாப்பா பின்வளவில் ஓலைக் கொட்டிலுக்குள் குழித்தறியில் நெய்தார். உம்மா பாவுக்குக் கஞ்சி போடுவா. நானும் ராத்தாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ராட்டினத்தில் தார் சுற்றுவோம். அந்த ராட்டினத்தின் கதிர் என் விரலைக் கிழித்த தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

8ஆம் வகுப்புக்கு வேறு ஊரில் ஒரு பெரிய பாடசாலையில் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு படிவம் தந்தார்கள். தகப்பனாரின் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்தேன். லிகிதர் என்றிருந்தது. அதற்கு அடுத்தவனுடையது ஆசிரியர். நான் வியாபாரம் என்று எழுதினேன். பொய் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. நெய்ததை வாப்பா விற்கத்தானே செய்தார். ஆனால் பொய்தான். பெற்றார் கூட்டத்துக்கு வந்த வாப்பாவிடம் வகுப்பாசிரியர், “என்ன வியாபாரம் செய்யிறீங்க?” என்று கேட்டார். வாப்பா என்னைப் பார்த்தார். “புடவை வியாபாரம்” என்றார். திரும்பி வருகிற வழியில் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு 30 வருடங்களாகவும் பேசவில்லை. நானும் ஆசிரியராகி, ஏழெட்டுப் பாடசாலை மாறியும், வாப்பாவின் தொழில் என்ன என்று யாரும் கேட்டால் “வயசு போயிட்டு, இப்ப சும்மாதான் இரிக்கார்” என்று தட்டிக் கழித்தே வந்திருக்கிறேன்.

அன்று நூலகத்திலிருந்து வீடு திரும்பி, அஸர் தொழுதுவிட்டு, வாப்பாவின் கொட்டிலுக்குப் போனேன். அவருக்கு அப்போது 70 தாண்டிவிட்டது. கூலிக்கு நெய்வதை விட்டுவிட்டார். கை சும்மா இருக்கப் பொறுக்காமல் ஒரு தறியை மட்டும் வைத்திருந்தார்.

“வாப்பா, பிளேன்ட உடம்புக்குப் பிரெஞ்சுக்காரன் என்ன பேர் வச்சிரிக்கான் தெரியுமா? கதிர்.”

கை நின்றது. “எந்தக் கதிர்? நெல்லுக் கதிரா?”

“இல்ல. ராட்டினக் கதிர்.”

வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “அவனுக்கு நெசவு தெரிஞ்சிரிக்கு” என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குத் தொடங்கி, கண்காட்சி வரைக்கும், ஒவ்வொரு பின்னேரமும் நான் வாசித்ததை வாப்பாவுக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது. தறியை நிறுத்தாமலே கேட்பார். நான் பறப்பைப் பற்றிச் சொல்வேன். அவர் துணியைப் பற்றிக் கேட்பார்.

1783 ஜூன் 4ஆந் திகதி பிரான்சில் அனோனே என்ற ஊரில் மொங்கோல்பியே சகோதரர்கள் சனங்களுக்கு முன்னால் முதற் பலூனை விட்டார்கள் என்றேன். அவர்கள் கடதாசி செய்கிற குடும்பத்தார். சாக்குத் துணிக்குள் கடதாசி ஒட்டி, துண்டுகளைப் பொத்தானால் பூட்டி, அடியில் நெருப்பு மூட்டி மேலே அனுப்பினார்கள்.

“கடதாசி ஏன்?” என்றார் வாப்பா. பதிலையும் அவரே சொன்னார். “எவ்வளவு நெருக்கி நெய்தாலும் நூலுக்கும் நூலுக்கும் இடையில காத்துப் போகும் மகன். அத அடைக்கத்தான்.”

அதே ஆண்டு ஆகஸ்ட் 27இல் பாரிஸில் ஷார்ல் என்ற பௌதிக ஆசிரியர் விட்ட பலூன் நெருப்பில்லாதது. ஐதரசன் வாயுவை நிரப்பியது. அதற்கு அவர் எடுத்த துணி தஃபெட்டா என்ற பட்டு. றபரைத் தேர்ப்பன்தைலத்தில் கரைத்துப் பூசிக் காற்றுத் துளையை அடைத்தார்கள். தஃபெட்டா என்ற பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. முறுக்கியது, நெய்தது என்று பொருள். அந்தப் பலூன் கொனேஸ் என்ற கிராமத்தில் விழுந்தபோது ஊரவர்கள் ஏதோ பூதமென்று பயந்து கவைக்கோலால் குத்திக் கிழித்தார்கள். இதைச் சொன்னபோது வாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “நல்ல பட்டு. பாவம்” என்றார்.

எனக்கு ஆச்சரியம் தந்த செய்தி வேறொன்று. ஷார்ல் அந்த வாயுவை நிரப்பியபோது அதற்கு ஐதரசன் என்ற பெயரே கிடையாது. எரியுங் காற்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீரைப் பிறப்பிப்பது என்ற பொருளில் ஐதரசன் என்று பெயரிட்ட நூல் 1787இல்தான் வந்தது. 1783 நவம்பர் 21இல் மனிதர் இருவர் முதன்முதலாகக் கட்டற்ற பலூனில் பாரிஸின் மேலாக 25 நிமிடமளவில் மிதந்தார்கள். டிசம்பர் 1இல் ஷார்லே ஐதரசன் பலூனில் ஏறினார். பெயர் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஏறிவிட்டார்கள், கையில் கிடந்த சொல்லைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள்.

கையில் கிடந்தவை பெரும்பாலும் கடற்சொற்கள். பலூன் என்பதே பெரிய பந்து என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல். அதில் ஏறியவனை ஏரோனோட் என்றார்கள், காற்றுக் கடலோடி. அவன் நின்ற கூடை தோணி. தூக்கி வீச வைத்திருந்த மணல் மூட்டைக்குக் கப்பலின் அடிப்பாரத்துக்குரிய பெயர். பைலட் என்ற சொல்லும் முதலில் கப்பலின் திசை காட்டுபவனுக்குரியது. இன்று உலகமெல்லாம் வழங்கும் ஏவியேஷன் என்ற சொல்லைப் பறவைக்குரிய இலத்தீன் சொல்லிலிருந்து 1863இல் ஆக்கியவர் லா லாந்தெல் என்பவர். அவரும் பிரெஞ்சுக் கடற்படையிலிருந்து வந்து கடற்கதைகள் எழுதியவர். வானத்தைக் கண்டதும் மனிதனுக்கு முதலில் ஞாபகம் வந்தது கடல்தான்.

இந்த விஷயத்தில் எங்களுடைய சொற்கள் இளைத்தவையல்ல. விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகையைச் சுக்கான் என்கிறோம். அது அரபியிலிருந்து கடல்வழியாகத் தமிழுக்கு வந்த சொல். மாலுமி என்பதும் அப்படித்தான். முஅல்லிம் என்ற அரபுச் சொல்லின் தமிழுருவம். கடலில் வழி காட்டுபவனுக்கும் வகுப்பில் பாடம் சொல்பவனுக்கும் அரபியில் ஒரே பெயர் இருந்தது என்பதை எண்ணி அன்றைக்குக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். மலாய்க்காரரைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. அவர்கள் விமானத்துக்குக் கப்பால் தெர்பாங் என்பார்கள், பறக்கும் கப்பல். அந்தக் கப்பால் எங்கள் கப்பல்தான். எங்களுடைய சொல்லொன்று கடல் கடந்து போய், அங்கே இறக்கையும் முளைத்துப் பறக்கிறது.

கண்காட்சியில் அப்பாஸ் இப்னு பிர்னாஸின் பெயர் இல்லாமல் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நண்பர், விமானத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம் என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். நான் அப்படி எழுதவில்லை. 9ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர். உடம்பில் இறகு பூட்டிப் பாய்ந்து, சிறிது தூரம் பறந்து, இறங்கும்போது முதுகில் அடிபட்டார். 17ஆம் நூற்றாண்டில் எழுதிய அல்மக்கரீ என்ற வரலாற்றாசிரியர் மூலமே இதை விரிவாக அறிகிறோம் என்று எழுதினேன். நண்பருக்கு மனத்தாங்கல். சமூகத்தின் பெருமையைக் குறைத்துவிட்டேன் என்றார். எனக்கோ அந்தக் கதையில் மிகப் பெரிய பெருமை வேறிடத்தில் இருப்பதாகப் பட்டது. பறவை இறங்கும்போது வாலை ஊன்றித்தான் இறங்கும், இவர் வால் வைக்க மறந்துவிட்டார் என்று அந்த வரலாற்றாசிரியர் காரணமும் சொல்கிறார். விழுந்ததை மறைக்காமல், ஏன் விழுந்தார் என்று எழுதிவைத்த சமூகம் அது. வாப்பா இதைக் கேட்டுவிட்டு, “வால மறந்தா எப்படி? அம்புக்கே இறகு கட்டுறானே” என்றார். எம்பெனாஜ் என்ற சொல்லின் வரலாறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அந்தச் சொல்லை நான் இன்னும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ரைட் சகோதரர்களின் முறை வந்தது. 1903 டிசம்பர் 17ஆந் திகதி, அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில், முதற் பறப்பு 12 செக்கன். தூரம் 120 அடி. எங்கள் வளவின் நீளம்கூட அவ்வளவு வரும். இறக்கைக்குப் போட்ட துணி என்னவென்று வாப்பா கேட்பார் என்று தெரிந்து முன்கூட்டியே தேடி வைத்திருந்தேன். மஸ்லின். கடையில் வாங்கிய வெளுக்காத பருத்தி மஸ்லின். தாங்களே தையல் மெஷினில் தைத்தார்கள். மேலே மெழுகோ வார்னிஷோ பூசவில்லை. துணியை நேராகப் போடாமல், நூல் சரிவாக விழும்படி 45 பாகை திருப்பிப் போட்டார்கள்.

வாப்பா தறியிலிருந்து எழுந்துவிட்டார். பழைய சாரத் துண்டொன்றை எடுத்து என் கையில் ஒரு மூலையைத் தந்தார். “நேரா இழு.” இழுத்தேன், அசையவில்லை. “இப்ப மூலைக்கு மூலை இழு.” துணி நீண்டு கொடுத்தது. “நேரா போட்டா சட்டம் சரியிற பக்கமெல்லாம் துணியும் சேர்ந்து சரியும். திருப்பிப் போட்டா நூலே சட்டத்தக் குறுக்கால இழுத்துக் கட்டிப் பிடிக்கும். கம்பி கட்டின மாதிரி. அவனுகள் பொல்லாத ஆக்கள்.” என் புத்தகம் நாலு வரியில் சொன்னதை வாப்பா சாரத்துண்டால் காட்டிவிட்டார்.

மஸ்லின் என்ற பெயர் ஈராக்கின் மோசூல் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. அதே 2003இல் அந்த நகரம் வேறு விதமாகப் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊரின் மேலாகப் பறந்த விமானங்கள் எல்லாவற்றுக்கும் மூதாதையான விமானத்தின் இறக்கை, அந்த ஊரின் பெயரைக் கொண்ட துணி என்பதை வாப்பாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பகுதியிலும் விமானச் சத்தம் கேட்டால் மரத்தடிக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது.

ரைட் சகோதரர்கள் இறக்கையை முறுக்கித்தான் விமானத்தைச் சாய்த்தார்கள். அந்த முறுக்கலுக்கு ஆங்கிலத்தில் வார்ப் என்று பெயர். தறியில் நீட்டுக்கு ஓடும் பாவுக்கும் ஆங்கிலத்தில் அதே வார்ப்தான். இரண்டும் எறிதல் என்ற ஒரே பழஞ்சொல்லிலிருந்து கிளைத்தவை. பிற்காலத்தில் விமானி உட்காரும் இடத்துக்குக் கொக்பிட் என்று பெயர் வந்தது. சேவற்சண்டைக் குழி என்று நேர்ப்பொருள். “அவனும் குழிக்குள்ளதானா இரிக்கான்? காலால மிதிக்கிறானா?” என்று வாப்பா கேட்டார். சுக்கானைக் காலால்தான் மிதித்துத் திருப்புகிறான் என்றேன். தான் இருக்கும் குழியையும் தன் மிதிப்பலகையையும் ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அட்டைகள் எழுதி முடிந்தன. பியூசிலாஜ் என்பதற்குக் கதிருடல் என்று எழுதி, இது நூற்கும் கதிரின் வடிவத்தால் வந்த பெயர் என்று ஒரு வரி சேர்த்தேன். பிள்ளைகளுக்குக் கதிர் தெரியவேண்டுமே என்று வாப்பாவின் ராட்டினக் கதிரையும், தோணி வடிவத்துக்கு உதாரணமாக அவருடைய ஓடத்தையும் இரவல் வாங்கிப் போய் மேசையில் வைத்தேன். பாவுக்கு நடுவால் ஊடு நூலைக் கொண்டு போகும் அந்தக் கருவியைக் கடைக்காரர்கள் நாடா என்பார்கள். எங்கள் வீட்டில் ஓடம்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் வாப்பா வந்தார். நான் அழைக்கவில்லை. வெள்ளைச் சட்டை, தானே நெய்த சாரம், தொப்பி. ஒவ்வொரு படத்தின் முன்பும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி மேசையில் கொலம்பியா விண்ணோடத்தின் படம் இருந்தது. அந்த ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி அது திரும்பி வரும்போது சிதறி ஏழு பேர் இறந்திருந்தார்கள். மேசைக்குப் பொறுப்பான மாணவன் ஒப்புவித்தான்: “விண்ணோடம் எண்டா விண்ணில போற ஓடம். ஓடம் எண்டா தோணி.”

“போய் என்ன செய்யும்?” என்றார் வாப்பா.

“போய்த் திரும்பி வரும். பிறகும் போகும். மத்த ரொக்கெட் எல்லாம் ஒருதரம்தான் போகும். இது போய்ப் போய் வரும்.”

“அப்ப அது தோணி இல்ல மகன். தோணி போனா கரையில கட்டிக் கிடக்கும். போய்ப் போய் வாறதெண்டா அது நெசவு ஓடம்.”

மாணவன் என்னைப் பார்த்தான். நான் படத்தின் கீழிருந்த ஆங்கிலப் பெயரைப் பார்த்தேன். ஷட்டில். நெசவாளி இப்பக்கமும் அப்பக்கமும் எறிகிற ஓடத்துக்கு ஆங்கிலத்தில் ஷட்டில் என்றுதான் பெயர். பத்திரிகையில் எத்தனையோ தரம் வாசித்த சொல். எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பிரெஞ்சுக்காரரும் அதை நவெத் என்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன்; குட்டிக் கப்பல் என்று பொருள், நெசவு ஓடத்துக்கும் அதுதான் பெயர். விண்ணோடம் என்ற சொல்லைத் தமிழில் ஆக்கியவர் தோணியை நினைத்தாரோ தறியை நினைத்தாரோ, சொல் இரண்டையும் பிடித்து வைத்திருந்தது. 1733இல் இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் உரிமம் பெற்ற ஓடத்துக்குப் பறக்கும் ஓடம் என்றே பெயர் வழங்கியது. பாரிஸில் மனிதன் பறப்பதற்கு 50 ஆண்டுக்கு முன்பே தறியில் ஓடம் பறந்துவிட்டது.

சுற்றிலும் மாணவர்கள் கூடிவிட்டார்கள். அதிபரும் இரண்டு விருந்தினரும் அருகில் நின்றார்கள். “ஐயா ஆரு?” என்று விருந்தினர் ஒருவர் கேட்டார்.

“என்ட வாப்பா. நெசவாளி” என்றேன்.

வாப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த ஓடத்தை எடுத்து அதன் முனையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். 8ஆம் வகுப்புப் படிவத்தை நான் 30 வருடம் பிந்தித் திருத்தினேன். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சில வருடங்கள் கழித்துக் கலைச்சொற்கள் பற்றிய ஒரு கூட்டத்தில் இருக்க வாய்த்தது. கதிருடல் என்ற சொல்லை முன்வைத்தேன். பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனால் இன்றைக்கு எந்தப் பிள்ளைக்குக் கதிர் தெரியும்? பிரெஞ்சுப் பிள்ளைக்கே பியூசிலாஜ் என்றதும் கதிர் ஞாபகம் வருமா? சோதனை எழுதுகிறவனுக்கு நேரே விளங்குகிற சொல் வேண்டும்.” விமான உடல் என்று முடிவாயிற்று. அவர் சொன்னதில் பிழை காண என்னால் முடியவில்லை. சொல் புழங்கப் புழங்க அதன் பிறப்பு மறந்துபோகும்; அது சொல்லின் இயல்பு. லாங்லி என்ற அமெரிக்க அறிஞர் தன் விமானத்துக்கு ஏரோட்ரோம் என்று பெயர் வைத்தார். 1903இல் இரண்டு தரம் விட்டுப் பார்த்தார், இரண்டு தரமும் அது பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. விமானம் போய்விட்டது, பெயர் மட்டும் தரையில் தங்கி விமானத் தளத்தைக் குறித்தது. யார் இன்றைக்கு லாங்லியை நினைக்கிறார்கள்?

ஆனாலும் ஒன்றை மட்டும் அந்தக் கூட்டத்தில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன். பிரெஞ்சுக்காரர் தங்கள் தோணியையும் வண்டிக் கொட்டிலையும் கதிரையும் வானத்துக்கு அனுப்பியபோது வெட்கப்படவில்லை. தொழில் செய்கிறவனின் சொல் உயர்ந்த காரியத்துக்கு உதவாது என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்தச் சொற்களும் கொட்டிலுக்குள்ளேயே செத்திருக்கும். நாங்கள் புதிய பொருள் ஒன்று வந்ததும் நிகண்டைத் தேடுகிறோம், அல்லது ஆங்கிலத்தை அப்படியே எழுதுகிறோம். பின்வளவுக்குப் போய்க் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம் சொல்வளம் இல்லாமையல்ல. படிவத்தில் வியாபாரம் என்று எழுதிய கைதான் காரணம்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. எங்கள் ஊர் இழந்தவற்றைத் திரும்பவும் எழுத இங்கே இடமில்லை, வாசகர்கள் அறிவார்கள். உயிர்களுக்கு முன்னால் ஒரு தறி பெரிய விஷயமல்ல. வாப்பாவை அல்லாஹ் காப்பாற்றினான். கொட்டில் இருந்த இடத்தில் குழி மட்டும் மணல் மூடிக் கிடந்தது. ஓடமும் கதிரும் தப்பின. கண்காட்சி முடிந்து ஒரு வருடமாக, “அந்த ஓடத்தக் கொண்டு வா மகன்” என்று வாப்பா கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் மறந்து மறந்து, கடலுக்குத் தூரத்திலிருந்த என் வீட்டு அலுமாரியிலேயே வைத்திருந்தேன். அந்த வாரம் அவற்றை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “பாவில்லாம ஓடம் எங்க ஓடுற? நீயே வச்சிக்க.” 2009இல் வாப்பா மவுத்தானார்.

அவர் இருந்திருந்தால் சொல்லியிருக்கவேண்டிய செய்தி ஒன்று பிறகு கிடைத்தது. 2021 ஏப்ரல் 19ஆந் திகதி செவ்வாய்க் கிரகத்தில் சிறு ஹெலிகொப்டர் ஒன்று எழும்பிப் பறந்தது. வேறொரு கிரகத்தில் இயந்திர வலுவால் கட்டுப்பாட்டோடு நடந்த முதற் பறப்பு அது. அதன் சூரியத் தகட்டுக்குக் கீழே தபால் முத்திரை அளவு துணியொன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்து இறக்கையிலிருந்து எடுத்த மஸ்லின். ஹெலிகொப்டர் 2024இல் தன் பறப்பை நிறுத்திக்கொண்டது. துணி அங்கேதான் இருக்கிறது. நூல் எத்தனை நம்பர், பாவு என்ன, ஊடு என்ன என்று வாப்பா கட்டாயம் கேட்டிருப்பார்.

விண்ணோடங்களும் 2011 ஜூலையோடு ஓய்ந்துவிட்டன. வாப்பாவின் ஓடம் என் அலுமாரியில் இருக்கிறது. போன நோன்புப் பெருநாளன்று பேத்தி அதை எடுத்து வந்து, “இது என்ன மூத்தப்பா?” என்றாள்.

“ஓடம்.”

“எந்த ஆத்துல ஓடும்?”

நான் இரண்டு கைகளையும் விரித்து ஒரு சாரத்தின் அகலத்தைக் காட்டினேன். “இவ்வளவு அகலம்தான் மகள். ஆனா போய்ப் போய் வரும்.”